ஆளுக்கொரு கம்பு

போடி மலைக்குக் கீழே எங்கள் கரட்டுக் காட்டில் யாரோ முயலுக்கு வைத்த கண்ணிகளைப் பிடுங்க, இன்று காலை ஊரே வரிசையாக நின்றது. "சின்னது பெருசு எல்லாரும் வந்தாத்தான் காடு மிஞ்சும்" என்று வீடு வீடாகக் கூப்பிட்டவர் எங்கள் ஊர் வாத்தியார். புதரை விலக்க ஆளுக்கொரு கம்பு. என் பக்கத்தில் எழுபதைத் தாண்டிய பெரியம்மா. கம்பு பட்டு நசுங்கிய தழையின் வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு எட்டு வயசு.

அன்றும் இதே வரிசைதான். சிவராத்திரி கும்பிட்ட மறுநாள் பாரிவேட்டை. தகரம் தட்டிப் புதரைக் கலைப்பது பிள்ளைகள், மறிப்பது பொம்பளைகள். "விடாத! காலைப் பாத்து அடி!" என்று அப்பா கத்துவார். பெரியம்மா அடித்தால் மறு அடி கிடையாது. முயல் கைக்குழந்தை மாதிரி வீறிடும், மண்டை உடைந்ததும் அடங்கும். ரத்தம் ஊறிய மண்ணை நாய்கள் நக்கும். சாயங்காலம் கோயில் வாசலில் கறியைப் பங்கு வைப்பார்கள். தொட்டில் பிள்ளைக்கும் பங்கு உண்டு. தம்பி அம்மா வயிற்றில் இருந்த வருஷம் அவனுக்கும் ஒரு பங்கு வந்தது.

"அந்தா போகுது!"

என் காலடியிலிருந்து நிஜமாகவே ஒரு முயல் கிளம்பியது. பெரியம்மாவின் கம்பு இறங்கியது. அதே வீறிடல், அதே அமைதி.

பெரியம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "வேட்டைய விட்டு எம்புட்டு வருசமாச்சு... கை தன்னால போயிருச்சே ஆத்தா."

என்ன சொல்லப்போகிறாரோ என்று வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கம்பும் தலைக்குமேல் ஓங்கித்தான் இருந்தது.