வேகமாய் ஓடிய கடைசிப் பாட்டு

அந்தக் கசெட்டின் அட்டையில் எங்கள் பேண்டின் மூன்று பேரும் கண்டி வாவிக்கரையில் நிற்கிறோம். கிட்டார் வாசிக்கும் நானா கெமராவைப் பார்க்கிறார். கரையேறி வந்த கபரகொய்யா என்ற பெரிய நீர் உடும்புக்குப் பயந்து நான் ஒரு காலைத் தூக்கியிருக்கிறேன். நடுவில் லீடர், என்னைப் பார்த்தபடி இடது காதைச் சொறிகிறார். மேலே கொட்டை எழுத்தில் 'எங்கள் தலைசிறந்த பாடல்கள்'. எங்களிடம் இருந்த சொந்தப் பாட்டே எட்டுத்தான். ஏழு தலைசிறந்தவை ஆகின. எட்டாவது நான் எழுதியது.

லீடருக்கு மாநகர சபையில் கிளாக்கர் வேலை. ரொக் பாடகருக்குரிய தலைமுடியைப் பகலெல்லாம் சட்டைக் கொலருக்குள் ஒளித்து வைத்திருப்பார். நான் ட்ரம்ஸ். பயம் வந்தால் என் கை ஓடும். கம்பளைக் கல்யாணம் ஒன்றில் பெண்ணின் தகப்பன் முறைத்தார் என்பதற்காக, ஆறு நிமிடப் பாட்டை நாலே நிமிடத்தில் முடித்தவன் நான். அதற்குப் பிறகுதான் அந்தச் சைகை: லீடர் திரும்பிக் காதைச் சொறிந்தால், மெதுவாகப் போ என்று அர்த்தம். "உங்க லீடருக்குக் காதுல ஏதும் வருத்தமா?" என்று விசாரித்தவர்கள் உண்டு.

தலைசிறந்த பாடல்கள் என்று ஒரு கசெட் போடலாம் என லீடர் சொன்னபோது நானா சிரித்தார். "பெரிய பேண்டெல்லாம் பிரியுற நேரந்தான் இப்படிப் போடுவாங்க. நாம என்ன, பிரியப் போறோமா?"

"நாமளும் பெரிய பேண்ட்தானே, நானா" என்றார் லீடர். அதோடு பேச்சை மாற்றிவிட்டார்.

அம்பிட்டியவில் ஒரு வீட்டறை. சத்தம் வராதிருக்க ஜன்னல்களில் மெத்தை சாத்தியிருந்தது. ஆறு பாட்டு ஒழுங்காக முடிந்தது. ஏழாவது, லீடருடைய மெதுவான பாட்டு. "இத ஒரு தடவதான் பாடுவேன். அவசரப்படாத" என்றார். ஒரு தடவைதான் என்று காதில் விழுந்ததுமே என் கைகளுக்கு வேறு முதலாளி வந்துவிட்டான். லீடர் இடது காதைச் சொறிந்தார். பிறகு வலது காதையும். பார்த்தேன், நன்றாகவே பார்த்தேன், கை நிற்கவில்லை. என்னைத் துரத்திக்கொண்டே பாடியவர், நீட்டி முடிக்க வேண்டிய கடைசி வரியில் மூச்சு வாங்கி, பாதியில் இருமி நின்றுவிட்டார். வெட்கத்தை மறைக்க நான் கேட்டேன்: "என்னண்ணே, பெட்ரோல் முடிஞ்சிருச்சா?" எல்லோரும் சிரித்தார்கள். தொண்டையைப் பிடித்துக்கொண்டு அவரும் சிரித்தார். இன்னொரு தடவை எடுப்போமா என்றார் ஒலிப்பதிவுக்காரர். "வேணாம், இருக்கட்டும்" என்றார் லீடர்.

கசெட் வந்த அன்று ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுச் சொன்னார். தொண்டையில் புற்றுநோய். கொழும்பில் ஒப்பரேஷன். உயிர் மிஞ்சினாலும் குரல் மிஞ்சாது. எப்போது தெரியும் என்று நானா கேட்டார். "கசெட் போடுவோம்னு சொன்னேனே, அதுக்கு மொத நாள்." எங்கள் குழு அத்தோடு முடிந்தது. சண்டை பிடித்துப் பிரிந்திருந்தால், திட்டுவதற்காவது ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

ஒப்பரேஷனுக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். கழுத்தில் போட்டிருந்த கட்டைக் கண்ட பயத்தில் மூச்சுவிடாமல் பகிடி சொன்னேன். அவர் மெல்லக் கையைத் தூக்கிக் காதைச் சொறிந்தார். வாயை மூடிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். அதையும் சேர்த்து மூடிவிட்டேன். அடுத்த மழைக்காலத்தை அவர் பார்க்கவில்லை.

இப்போதும் சிலவேளை அந்தப் பாட்டைப் போட்டுவிட்டு, அட்டையை முன்னால் நிறுத்திவைத்து மேசையில் தட்டுகிறேன். லீடர் காதில் கை வைத்தபடி என்னையே பார்க்கிறார். இப்போது வேகம் சரியாகத்தான் வருகிறது. ஆனால் கசெட்டுக்குள் இருப்பவன் எனக்காகக் காத்திருப்பதில்லை. அவரையும் இழுத்துக்கொண்டு அந்த இருமலை நோக்கி ஓடுகிறான்.