பாக்கியம் டீச்சர் வீட்டு ஊதாப் பவளம்

தெப்ராவில் ஒரு மீன்தொட்டிக் கடையில் சர்வீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வீடு வீடாகப் போய் உப்புநீர் டேங்குகளைப் பராமரிப்பதுதான் வேலை. இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக, நான் செய்த ஒரு அற்பத்தனத்தை எழுதி வைக்கிறேன்.

1. கைமாறிய டேங்க்

பாக்கியம் டீச்சரின் டேங்க் ஆறு வருடம் என் பொறுப்பில் இருந்தது. கண்ணாடி பளபளக்கும். டெஸ்ட் கிட்டில், தண்ணீரின் அழுக்கைக் காட்டும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யம். பவளங்கள் மட்டும் வெளிறியே இருந்தன. அவ்வளவுதான் வரும் என்று நினைத்திருந்தேன்.

வேலை கூடியதால் பாஸ் அந்த டேங்கைச் செல்வத்திடம் கொடுத்தார். பண்டார் தெங்காராவிலிருந்து வந்தவர், எனக்குப் பிறகு சேர்ந்தவர். எட்டே மாதத்தில் டீச்சர் கடைக்குப் போன் போட்டார்.

"அலமாக், செல்வம் கைக்கு என்னா கலரு லா! ஊதாவா ஜொலிக்குது. இத்தனை வருசம் எங்க ஒளிஞ்சிருந்துச்சு?"

ஸ்பீக்கரில் கேட்டேன். வயிறு எரிந்தது.

2. பத்து நாள்

தங்கை கல்யாணத்துக்குச் செல்வம் பத்து நாள் லீவு எடுத்தார். டீச்சர் வீட்டுக்குப் பாஸ் என்னை அனுப்பினார்.

பவளம் உண்மையிலேயே அழகாக இருந்தது. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. தண்ணீரை டெஸ்ட் செய்தேன். நைட்ரேட் பதினைந்து! பாஸ்பேட்டும் இருந்தது. பின்கண்ணாடியில் பாசி வேறு. 'இந்த அழுக்குத் தண்ணிக்கா இத்தனை பாராட்டு' என்று குஷியாகிவிட்டேன்.

பாதித் தண்ணீரை மாற்றினேன். பாஸ்பேட் உறிஞ்சும் மருந்தை இரண்டு மடங்கு எடுத்துப் பையில் கட்டி, அடியில் இருக்கும் சம்ப் தொட்டிக்குள் போட்டேன். சுத்தம் செய்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் செல்வத்தின் நிறம் கெட வேண்டும் என்ற ஆசையும் உள்ளே இருந்தது.

3. சிவப்புக் கயிறு

மூன்றாவது வாரம் ஊதா சாம்பலாகிவிட்டது. டீச்சர் அழாத குறை. "கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து வேலையில கவனமே இல்ல. இனிமே உனக்கு அந்த டேங்க் கிடையாது," என்று பாஸ் எல்லார் முன்னாலும் செல்வத்தைத் திட்டினார். நான் வாளி கழுவிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் செல்வம் என்னிடம் வந்து, சம்பில் கிடந்த பையை நீட்டினார். பையின் வாயில் சிவப்பு ராஃபியா கயிறு. கடையில் அப்படிக் கட்டுவது நான் ஒருத்திதான்.

"தண்ணி ரொம்ப சுத்தமாயிருச்சுக்கா. பவளம் பசியில கெடக்கு. அதுக்கும் கொஞ்சம் அழுக்கு வேணும்."

"பாஸ்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

ஆறு வருடமும் அந்தப் பவளத்தை நான் பட்டினி போட்டிருந்தது அப்போதுதான் உறைத்தது. உடனே போய்ப் பாஸிடம் ஒப்புக்கொண்டேன். டேங்க் செல்வத்துக்கே திரும்பியது. அது தேறும்வரை அவருக்கு உதவியாக என்னைப் போகச் சொன்னார் பாஸ்.

நிறம் வர ஐந்து மாதம் பிடித்தது. வாராவாரம் போய், அவர் எழுதிக் கொடுத்த அளவுப்படி மீனுக்குத் தீனி போட்டேன்; மீனின் கழிவுதான் பவளத்துக்குச் சாப்பாடு. நன்றாக இருக்கும் டேங்கில், நம்பர் பிடிக்கவில்லை என்பதற்காகக் கை வைக்காதீர்கள். நான் கற்றது அது.

ஊதா திரும்பிய அன்று டீச்சர் என்னிடமே சொன்னார், "பாத்தியா, செல்வத்துக்குத்தான் கைராசி லா."

வயிறு அன்றும் எரிந்தது. "ஆமா டீச்சர்," என்றேன்.