மாமியார் நீட்டிய கால்

படகுத்துறையில் என் மனைவிக்குக் ‘கப்பல்’ என்று பட்டப்பெயர். எதிரே யார் வந்தாலும் அவள் ஒதுங்க மாட்டாள். வருகிறவர்கள்தான் ஒதுங்கிப் போக வேண்டும். நான் தையல்காரன். துறைக்கு மேலே ஒற்றை ஜன்னல் அறையில் உட்கார்ந்து, பயணிகள் மாட்டிக்கொள்ளும் லைஃப் ஜாக்கெட்டுகளுக்கு அறுந்த வாரைத் தைத்துக் கொடுக்கிறேன். ஊரையே மிதக்க வைக்கிறவன் முழங்கால் தண்ணீரில் இறங்க மாட்டான் என்று என்னைக் கிண்டல் செய்யாத ஆளில்லை. உண்மைதான், எனக்குத் தண்ணீர் என்றால் உயிர்ப்பயம். மகள் வளர்ந்து ஆளான பிறகும் நான் மனைவியின் படகில் ஏறியதில்லை.

தன் அப்பாவுக்குத் தோள்பட்டை விலகியபோது துடுப்பைக் கையில் எடுத்தவள் அவள். பொம்பளை ஓட்டுகிற படகா என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்கிப் போனவர்கள் உண்டு. அவள் காலிப் படகில் காத்திருந்தாள். இப்போது அவள் படகுதான் வேண்டும் என்று வரிசையில் நிற்கிறார்கள், அவள் சொல்லும் கல் கதைகளுக்காக.

ஆறு வளைகிற இடத்தில் விதவிதமான பாறைகள். தண்ணீர் சுழன்று குடைந்த குழிகளோடு கிடப்பது பானைக்கல். நீட்டிப் படுத்திருப்பவன் சோம்பேறி. அவற்றைத் தாண்டினால் நடு ஆற்றில் இரண்டு பேர் நிற்பார்கள்: குண்டாக மாமியார், ஒல்லியாக மருமகள். தண்ணீர் எடுக்க வந்த இடத்தில், குடத்தை யார் சுமப்பது என்று சண்டை போட்டு, விட்டுக்கொடுக்காமல் நின்று நின்று கல்லாகிப் போனார்களாம். போதாததற்கு, மருமகள் இடறி விழட்டும் என்று மாமியார் காலை வேறு நீட்டினாளாம்.

அந்தக் கால் நிஜமாகவே இருக்கிறது. குண்டுக்கல்லின் அடியிலிருந்து கத்தி மாதிரி ஒரு பாறை நடுவழிவரை நீண்டிருக்கும். மழைத் தண்ணீர் வந்தால் கண்ணுக்குத் தெரியாது, படகின் வயிற்றைக் கிழித்துவிடும். அதனால்தான் படகோட்டிகள் பாடமாகச் சொல்லிவைத்தார்கள்: ‘மருமகளை ஒட்டிப் போ.’ எங்கள் ஆற்றில் கதைதான் வழி.

மகள் படிப்பை முடித்துவிட்டு வந்து, நானும் படகு ஓட்டுகிறேன் என்றாள். நான் கத்தினேன், சாப்பிடாமல் படுத்தேன், பலிக்கவில்லை. என் பயத்தால் சின்ன வயதில் அவளை ஆற்றுக்கு விட்டதே இல்லை, அவள் பழகியதெல்லாம் துறைக்குப் பக்கத்திலேயே. தண்ணீர் வற்றிய மாதங்களில் அந்த இரண்டு கல்லுக்கும் நடுவே படகு போகாது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அம்மா பரீட்சை வைப்பாள்.

"ரெண்டு பேருக்கும் நடுவுல எப்படிப் போவே?"

"மருமகளை ஒட்டி."

"சபாஷ்."

மழை பெய்து வழி திறந்தது. மகளின் முதல் சவாரிக்குக் கூடவே போவதாகத்தான் மனைவி படகில் உட்கார்ந்திருந்தாள். கடைசி நேரத்தில் ஒரு குடும்பத்தின் மாமியார், "என்னை மட்டும் கரையில விட்டுட்டுப் போறாங்க பாருங்க" என்று மூக்கைச் சிந்தினார். மனைவி மனமிரங்கித் தன் இடத்தைக் கொடுத்துவிட்டு இறங்கினாள். மகளுக்குத்தான் பாடம் தலைகீழாகத் தெரியுமே!

மனைவி என் அறைக்கு வந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். வெளியே அவள் தம்பி, எங்கள் ‘மைக்செட்டு’, சீட்டுக் கொடுக்கிற இடத்தில் பாறைகளை வரைந்த பலகையைக் காட்டிக் கதை அளந்துகொண்டிருந்தான்.

"இதோ குண்டா நிக்குறது மருமக. நல்லாச் சாப்பிட்டு இப்படி ஆயிட்டா. பக்கத்துல ஒல்லியா நிக்குறது மாமியார். பாவம், சோறு போட ஆளில்ல!"

ஜனங்கள் சிரித்தார்கள். மனைவியின் கையிலிருந்த டம்ளர் என் தையல் மிஷின் மேல் விழுந்தது.

"டேய்! எப்படா மாத்தின?"

"ரொம்ப நாளாச்சுக்கா. இப்படிச் சொன்னாத்தான் சிரிக்கிறாங்க."

"கால் எங்கடா?"

"கதை நீளுதுன்னு விட்டுட்டேன்."

எனக்கு உறைத்தது. பாடத்தை அம்மாவிடம் கற்ற மகள், ஆளை அடையாளம் பார்த்தது மாமாவின் பலகையில். மருமகளை ஒட்டிப் போகிறேன் என்று நேராகக் குண்டுக்கல்லின் கால்மேல் போய் ஏறுவாள். போன் செய்யலாமென்றால், நனைந்துவிடும் என்று அதை என்னிடமே கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

மனைவி சின்னப் படகை அவிழ்த்தாள். இன்னொரு துடுப்புக்கு ஆள் வேண்டும். மைக்செட்டு பலகையைப் பிடித்தபடி நின்றுவிட்டான். பிறகு நடந்தது எனக்குச் சரியாக நினைவில்லை. துடுப்பு என் கையில் இருந்தது, அவள் "வலிங்க, வலிங்க" என்று கத்திக்கொண்டிருந்தாள், நான் வலித்துக்கொண்டிருந்தேன்.

வளைவு திரும்பியதும் பார்த்தேன். இரண்டு கல்லுக்கும் அந்தப் பக்கம், அமைதியான தண்ணீரில், மகளின் படகு முழுசாக நின்றுகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை.

"எந்தப் பக்கமாடி வந்தே?" என்று மனைவி இங்கிருந்தே கேட்டாள்.

"தப்புப் பக்கமாத்தாம்மா வந்தேன், திட்டாத! மருமகளை ஒட்டித்தான் போகப் பார்த்தேன். இந்தம்மா விடவே இல்ல."

அந்த மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பின்ன? மருமக பக்கத்துல இருக்குற கஷ்டத்தை வீட்டுலயே பாத்துட்டுத்தானே வர்றேன். ஆத்துலயுமா? அந்த ஒல்லி மாமியார் பக்கமாப் போம்மான்னு ஒரே பிடியா நின்னுட்டேன்."

அவருடைய மருமகள் படகின் மறு ஓரத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனைவி படகை ஒட்டி நிறுத்தி அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அம்மா, நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும்."

"ஐயோ, நூறா?" என்றாள் மருமகள்.

இரண்டு படகும் ஆடும் அளவுக்குச் சிரித்தோம். மாமியாரும் சிரித்தார். மகளுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. அம்மா துடுப்பால் குண்டுக்கல்லின் பக்கம் தண்ணீரைக் குத்திக் காட்டினாள். முழம்கூட இறங்காமல் ‘டொக்’ என்றது. மகளின் முகம் வெளுத்தது.

"இதுதான் கால். மாமா சொல்லாம விட்டது," என்றாள் அம்மா. "வா, திரும்பிப் போகலாம். நீயே ஓட்டு, நான் பின்னாடி வர்றேன்."

மகள் ஒல்லிக்கல்லை உரசாத குறையாக ஒட்டிப் போனாள். நாங்கள் பின்னால் போனோம். அப்போதுதான் மனைவி என்னை முழுசாகப் பார்த்தாள்.

"என்னங்க, உங்க ஜாக்கெட் எங்க?"

குனிந்து பார்த்தேன். சட்டைதான் இருந்தது. தைத்து வைத்த ஜாக்கெட்டுகள் எல்லாம் என் அறைக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தன.