ஊட்டப் பழகிய நாட்கள்

கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் என் கணவர் எனக்கு ஒரு வாய் சோறு ஊட்டியதில்லை. முதன்முதலாக ஊட்டியது தஞ்சாவூரில், முன்பின் தெரியாத நான்கு தம்பதிகளின் எதிரில்.

மூளைவாதம் உள்ள மூன்று வயதுப் பையன் ஒருவனைத் தத்தெடுக்க நாங்கள் சம்மதம் சொல்லியிருந்தோம். உட்கார வராது, பேச்சு வரவில்லை, விழுங்கச் சிரமப்படுவான் என்று அவனைப் பற்றிய காகிதத்தில் இருந்தது. அவனை வீட்டுக்கு அழைத்து வருவதற்கு முன் சனிக்கிழமைதோறும் எங்களுக்குப் பயிற்சி. என் கணவர் தேங்காய் மண்டியைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வருவார். பட்டுக்கோட்டையில் காலை பஸ்ஸைப் பிடிப்போம். நான் பள்ளி ஆசிரியை. புது நோட்டு வாங்கி, பயிற்சி கொடுத்த அம்மா சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு வந்தேன்.

ஒரு சனிக்கிழமை அந்த அம்மா நோட்டை மூடி வைக்கச் சொன்னார். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கிண்ணம் குழைந்த பருப்புச் சாதம் வந்தது. முதலில் மனைவிகள்தான் குழந்தைகள். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும், பேசக் கூடாது. கணவர்கள் ஊட்ட வேண்டும்.

என் கணவருக்கு ஒரே கூச்சம். என் முகத்தைப் பார்க்காமல் கிண்ணத்தைப் பார்த்தபடியே ஊட்டினார். முதல் வாயை நான் விழுங்குவதற்குள் அடுத்தது வந்துவிட்டது. எனக்குப் புரையேறியது. அந்த அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"கிண்ணத்தப் பாக்காதீங்க சார். அவங்க தொண்டையப் பாருங்க. எறங்கினதும் குடுங்க."

அதற்குப் பிறகு என் கணவர் பார்த்தார். நான் மென்று விழுங்கி மூச்சு விடும்வரை ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவ்வளவு நேரம், அவ்வளவு கவனமாக என்னை யாரும் பார்த்ததில்லை. என் கண் கலங்கியது. மறுபடி புரையேறிவிட்டதோ என்று பயந்து தண்ணீர் எடுக்க ஓடினார்.

அடுத்து நாங்கள் ஊட்ட வேண்டும். அதற்குள் அந்த அம்மா கணவர்களைத் தனியாக அழைத்து ஏதோ சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டு வாய் நன்றாக வாங்கிக்கொண்டவர், மூன்றாவதற்கு வாயை இறுக மூடிக்கொண்டார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். கெஞ்சிப் பார்த்தேன். மற்றவர்கள் பார்க்கிறார்களே என்ற எண்ணம் வந்ததும் ஸ்பூனை உதட்டுக்கு நடுவே அழுத்தினேன். அது பல்லில் இடித்தது. சாதம் சட்டையில் சிந்தியது.

அந்த அம்மா என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"டீச்சர், வேணாம்னு சொல்றதுக்கு அந்தப் பிள்ளைகிட்ட இருக்கறது வாய மூடறது ஒண்ணுதான். அதையும் நாம பறிச்சிடக் கூடாது."

அவனுக்கு என்னென்ன வராது என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தேன். அவன் என்னிடம் சொல்ல ஏதாவது இருக்கும் என்று ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

திரும்பும்போது பஸ்ஸில், பல் வலிக்கிறதா என்று கேட்டேன்.

"பல்லு வலிக்கல. நீ கோவமா பாத்ததுதான் ஒரு மாதிரி இருந்துச்சு" என்றார்.

சம்பா நடவு நடந்துகொண்டிருந்தபோது பையன் வீட்டுக்கு வந்தான். அவனைப் பார்க்க என் அப்பா ஊரிலிருந்து வந்தார். பாதி வாழ்க்கை அடுத்தவர் வயலில் கூலி வேலை, இப்போது குத்தகைக்கு எடுத்துச் சொந்தமாகப் பயிர் வைக்கிறார். மதியம், சுற்றிலும் உறவுக்காரர்கள் உட்கார்ந்திருக்க, நான் ஊட்டப் போனேன். பையன் வாயை மூடிக்கொண்டான்.

பிள்ளை பசியோடு இருக்கிறது, மூக்கைப் பிடித்து ஊட்டு, உனக்கெல்லாம் அப்படித்தான் ஊட்டினோம் என்றார் அப்பா. கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"அவன் வேணாங்கறான்ப்பா."

இவளுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது என்று நாத்தனார் நினைத்தது அவர் முகத்திலேயே தெரிந்தது. அப்பா எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் மெல்ல நகர்ந்து வந்து பையனின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"வேணாமாய்யா? சரி, வேணாம்."

எல்லோரும் போன பிறகு என் கணவர் ஊட்ட நான்கு வாய் சாப்பிட்டான். என்னிடம் மட்டும் வாங்கவே இல்லை. ஒன்பது நாள் அப்படிப் போயிற்று. பாத்திரம் கழுவும் சாக்கில் கொல்லைப்பக்கம் போய் அழுதுவிட்டு வருவேன். பத்தாம் நாள் என் கையால் ஒரு வாய் வாங்கிக்கொண்டான். மறு வாய்க்கு முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கு அந்த ஒன்று போதுமாக இருந்தது.

இப்போது அவனுக்கு ஆறு வயது. பெல்ட் போட்ட நாற்காலியில் நிமிர்ந்து உட்காருகிறான். என்னைக் கண்டால் "ம்பே" என்று சத்தம் கொடுப்பான். வீட்டைத் தாண்டி டவுன் பஸ் போனாலும் அதே சத்தம்தான். பள்ளியில் கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர், உங்களை அம்மா என்று கூப்பிடுகிறானா என்று கேட்டார். கூப்பிடுகிறான் என்றேன். பஸ்ஸைக் கொஞ்சம் கூடுதல் குஷியோடு கூப்பிடுவான் என்பதைச் சொல்லவில்லை.