‘இருமல் இல்லை’ என்று எழுதியவள்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு மே மாதம். எண்ணூரில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருக்கும் ஒரு தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். காற்று மாசு மனிதர்களின் நுரையீரலை என்ன செய்கிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆராய்ச்சி. மொட்டைமாடிகளில் கருவி வைத்துத் தூசியை அளப்பது பாதி வேலை. கையில் படிவத்தோடு போய் மக்களிடம் உடல்நலம் விசாரிப்பது மீதி. இந்த மீதி வேலைக்கு என்னை விட்டால் ஆளில்லை என்று எனக்கு ஒரு கர்வம். தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள் நான். கூடப் படித்தவர்கள் புத்தகத் தமிழில் கேட்டுவிட்டு முழிக்கும்போது, நான் “இன்னாக்கா, நாஷ்டா ஆச்சா?” என்று ஆரம்பிப்பேன். கதவு தானாகத் திறக்கும்.

அப்படித் திறந்த கதவுகளில் ஒன்று, மீன் விற்கும் ஓர் அக்காவுடையது. நாற்காலியைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டார். தலைப்பு கறுப்பாகிவிட்டது. இரண்டு பேருமே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் துடைத்தது மதியம்வரை தாங்காது, அந்தப் பக்கம் அப்படித்தான். பெயர், வயது, எத்தனை வருடமாக இங்கே என்று வரிசையாகக் கேட்டு, ஏழாவது கேள்விக்கு வந்தேன். இருமல் உண்டா?

“அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. நல்லாத்தான் கீறேன்.”

‘இல்லை’ கட்டத்தில் டிக் போட்டேன். மூச்சிரைப்பு? அதுவும் இல்லை. இன்னொரு டிக். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இதே கதைதான். படிவங்களைக் கூட்டிக் கழித்து அறிக்கை எழுதியபோது, தூசி அதிகம், ஆனால் இருமல் குறைவு என்று வந்தது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இருந்தாலும், அவரவர் வாயால் சொன்னதுதானே என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம், அங்கிருந்த ஓர் ஆலையை விரிவாக்குவது பற்றிக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. புதிதாக ஒரு புகைபோக்கி வருமா வராதா என்பதுதான் பேச்சு. எப்படியும் தடுத்துவிடலாம் என்று நம்பி அந்தத் தெருவே திரண்டு வந்திருந்தது. நானும் போயிருந்தேன், அவர்கள் பக்கம் நிற்கிறோம் என்ற நினைப்பில். ஆலைத் தரப்பில் பேசியவர் ஒரு காகிதத்தை எடுத்து வாசித்தார். இரண்டாவது வரியிலேயே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அது, பல்கலைக்கழகம் வெளியிட்டிருந்த என் அறிக்கை. “இருமல் இல்லை என்று இந்த மக்களே சொல்லியிருக்கிறார்கள்” என்று சிரித்துக்கொண்டே முடித்தார்.

மீன்கார அக்கா எழுந்தார். அவர் ஆலைக்காரரைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் தேடி என்னைக் கண்டுபிடித்தார்.

“இன்னாம்மா, நீதானே வூட்டாண்ட வந்து எழுதிக்கினு போன? இருமல்னு வாயத் தொறந்தா டி.பி.ன்னு எழுதிக்குவாங்க. அப்பால எங் கையால எவன் மீன் வாங்குவான்? அதான் இல்லன்னேன். ஆனா நீ குந்திக்கினு இருந்த அம்மாம் நேரமும் நான் இருமிக்கினுதானே இருந்தேன்! தண்ணிகூட நீதானே மொண்டு குடுத்த?”

உண்மை. மொண்டு கொடுத்தது நான்தான். கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்து டிக் போட்டவளும் நான்தான். ஏன் காதில் விழவில்லை என்று யோசித்தால் இன்னும் கேவலமாக இருக்கிறது. எங்கள் அப்பா தினமும் இருமிக்கொண்டேதான் எழுந்திருப்பார். காக்கா கத்துகிற மாதிரி, அது எங்கள் வீட்டில் யாரும் கவனிக்காத சத்தம். உள்ளூர்க்காரி என்ற கர்வத்தோடு போனவளுக்கு வாய்த்திருந்ததும் உள்ளூர்க் காதுதான்.

எழுந்து, அறிக்கை தவறு என்று சொன்னேன். “எழுத்தில் கொடுங்கள்” என்றார்கள் கூட்டம் நடத்திய அதிகாரிகள். கொடுத்தேன். அனுமதி ஆலைக்குத்தான் கிடைத்தது. “அவர்கள் சொன்னதைத்தானே எழுதினாய், உன் மேல் என்ன தப்பு?” என்று என் பேராசிரியர் தேற்றினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. கொஞ்ச நாளில் பட்டமும் வந்து சேர்ந்தது. வீட்டில் தெருவுக்கே ஜிலேபி கொடுத்தார்கள். நான் ஒரு துண்டுகூட எடுத்துக்கொள்ளவில்லை.

மன்னிப்புக் கேட்க எண்ணூருக்குப் போனபோது புதுப் புகைபோக்கி பாதி எழும்பியிருந்தது. அக்கா கோபப்படவில்லை. “இன்னொரு தபா எழுதப் போறியா? எழுதிக்க” என்றார், இருமலுக்கு நடுவே. எழுதினேன். இந்த முறை ‘உண்டு’. அந்தப் படிவத்தை வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.

பிழைப்புக்குப் பயந்து அந்த அக்கா சொன்ன ‘இல்லை’யைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டு அதை உண்மையாக்கிய என் ‘இல்லை’தான் இன்றைக்கும் அந்தப் புகைபோக்கி வழியாக அவர் நெஞ்சுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.