நவம் அண்ணையின் பதினோராம் இலக்கச் சட்டை

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் கழகச் செயலாளர் தம்பி சைக்கிளில் வந்து வீட்டுப் படலையில் இறங்கினார். வெயிலுக்குள் அப்படி மிதித்துக்கொண்டு வருகிற ஆள் அல்ல அவர். "அண்ணை, நவம் அண்ணை எங்களை விட்டுட்டுப் போட்டார்" என்றார். காலையில் கடல் தொழிலால் வந்து, வள்ளத்தைக் கரையில் இழுத்துவிட்டு, நெஞ்சு நோகுது என்று மணலில் குந்தியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கார் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தம்பி கையோடு ஒரு படமும் கொண்டுவந்திருந்தார். வாசிகசாலைச் சுவரில் இத்தனை வருடமாகத் தொங்குகிற, கிண்ணம் வென்ற எங்கள் உதைபந்தாட்ட அணியின் படம். அதிலிருந்து நவம் அண்ணையின் முகத்தை எடுத்து அஞ்சலிப் பிரசுரத்தில் போடலாம் என்று நினைத்திருக்கிறார்கள். "நல்லாய்ப் பாத்திட்டம், பிடிபடேல்லை. நவம் அண்ணை இதிலை எங்கை நிக்கிறார்?" என்று கேட்டார். நான் கண்ணாடியைப் போட்டேன், கழற்றினேன், படம் பழுதாய்ப் போச்சு என்றேன். வேறு படம் தேடுவோம் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன்.

படம் பழுதாகவில்லை. நவம் அண்ணை அதில் இல்லை. அவரைத் தெரிந்த உங்களில் பலருக்கு இது தெரியும். தெரிந்தும் என் முகத்துக்காக ஒருவரும் கதைக்காமல் விட்டீர்கள். அந்த மரியாதையை நான் இனிமேலும் ஏற்றுக்கொண்டிருந்தால் வெட்கம்.

தொண்டைமானாற்றிலிருந்து வல்வெட்டித்துறை வரைக்கும் அந்தக் கரையில் நவரத்தினம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. இடக்கால் நவம் என்றால் குஞ்சு குருமனுக்கும் தெரியும். எங்கள் அணியின் லெஃப்ட் அவுட். வெறுங்காலால் இடப்பக்கக் கரையோடு பந்தைக் கொண்டு ஓடினால், கோட்டுக்கு வெளியே நிற்கிற சனமும் அவரோடு சேர்ந்து ஓடும். அவரை அடக்கமான மனிதர் என்று எழுதினால் அவரே எழும்பி வந்து சிரிப்பார். கோல் அடித்தால் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சனம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முடியும்வரை நிற்பார். வாய் பொல்லாத வாய். "பந்து என்னட்டை வந்தால் மற்றவை இருந்து தேத்தண்ணி குடிக்கலாம்" என்பார். அதில் பொய்யும் இல்லை.

நான் அவரைவிட ஏழெட்டு வயது இளையவன். அணியில் மேலதிக ஆட்டக்காரன். பெரும்பாலும் தோடம்பழம் உரித்துக் கொடுக்கிற வேலைதான். என் அப்பாவுக்குச் சொந்தமாக வள்ளங்களும் ஒரு லொறியும் இருந்தன. கழகத்துக்குச் சட்டை தைத்துக் கொடுத்தவர் அவர். வெளியூர் ஆட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப் போனது அவருடைய லொறி. நவம் அண்ணை தொழிலுக்குப் போனதும் அப்பாவின் வள்ளத்தில்தான். இனி நான் சொல்லப்போகிற கதை இந்த நாலு வசனத்துக்குள் அடங்கிவிடும்.

அரையிறுதி ஆட்டத்தில் நவம் அண்ணையின் கோலால் வென்றோம். அந்த ஆட்டத்தில் அவருக்கு முழங்காலில் அடி பட்டு வீங்கியது. இறுதியாட்டம் புத்தூர்ப் பக்கத்துத் தோட்டக்காரப் பெடியளோடு, யாழ்ப்பாண நகரத்தில். நவத்துக்கு ஏலாது, அவனுக்குப் பதிலாக முதலாளியின் மகன் இறங்குவான் என்று ஒரு கதை எங்கிருந்தோ புறப்பட்டது. அன்றிலிருந்து ஊரில் மீன் விலை கதைக்க ஆளில்லை. கோயில் வாசலிலும் வலை பொத்துகிற இடத்திலும் இதே கதை. சலூன்காரர் ஒருவரின் பாதி முகத்தை வழித்துவிட்டு, கத்தியைப் பிடித்தபடி மற்றப் பாதியை மறந்து வாதாடினாராம்.

"வெண்ட ரீமிலை கை வைக்கக் கூடாது. வைச்சவன் ஒருத்தனும் உருப்பட்டதில்லை."

"முழங்காலைப் பாத்தனியே? பனங்காய் மாதிரிக் கிடக்கு. சின்னவனெண்டால் ஓடுவானெல்லே?"

"ஓடுவான், ஆர் இல்லையெண்டது? பந்து ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். லெஃப்ட் அவுட்டுக்கு வலக்காலனைப் போடுறது வலக்கால் செருப்பை இடக்காலிலை கொளுவின மாதிரி."

இதையெல்லாம் நான் தேத்தண்ணிக்கடைத் தட்டிக்கு வெளியே நின்று கேட்டேன். உள்ளே போனதும் தேத்தண்ணி ஆற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மூலையிலிருந்த ஒரு கிழவர் சுருட்டை எடுத்துவிட்டுச் சொன்னார்: "லொறி ஆரின்ரை? சட்டை ஆரின்ரை? பிறகென்ன கதை உங்களுக்கு?" கடைக்காரர் எனக்கு வழமையைவிடச் சீனி கூடப் போட்டுத் தந்தார். அதையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

அப்பாவிடம் போய் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் இறங்கி விளையாட ஆசை. பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது, ஆசை வெட்கம் அறியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

எங்கள் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய ஆட்டத்துக்கு முதல்நாள் சட்டைகளைத் தோய்த்து மடித்துப் பிள்ளையாரின் காலடியில் வைப்பார்கள். பூசை முடிய ஐயர் ஒவ்வொன்றாய் எடுத்து, கப்டன் பக்கத்தில் நின்று காதுக்குள் பெயர் சொல்ல, உரியவரின் கையில் கொடுப்பார். கையில் சட்டை வந்தவன் விளையாடுவான். அதன்பிறகு மாற்றம் என்ற பேச்சு இல்லை. சாமி தட்டில் வந்ததை ஆர் பறிப்பது?

அன்று நவம் அண்ணை தலை தோய்ந்து, வெள்ளை வேட்டி கட்டி, முழங்காலில் பத்துப் போட்டபடி வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். நொண்டவில்லை. வீக்கம் வற்றியிருந்ததை எல்லோரும் பார்த்தோம். சட்டைகள் ஒவ்வொன்றாய்க் கொடுபட்டு வந்து பதினோராம் இலக்கம் எடுபட்டது. அது அவருடைய அளவுக்குத் தைத்த சட்டை. கப்டன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். ஐயர் எங்களுக்கு முன்னால் வந்தார். நவம் அண்ணை இரண்டு கையையும் நீட்டினார். அப்பா முன்வரிசையில் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். ஐயர் ஒரு கணம் தடுமாறி, சட்டையை என் கையில் வைத்துவிட்டு, நீட்டியிருந்த அந்தக் கையில் திருநீறு கொடுத்தார்.

அவர் அந்தத் திருநீற்றை வடிவாய்ப் பூசினார். வெளியே கேணியடியில் என்னைப் பிடித்தார். "தம்பி, நீ விளையாடுறது உன்ரை காலாலை இல்லை, கொப்பற்றை காலாலை. அது வள்ளத்திலை நிக்கும். கிறவுண்டிலை நிக்குமோ எண்டு பாப்பம்" என்றார். அப்பாவைப் பற்றி என்னிடம் அப்படிச் சொன்ன ஒரே மனிதர் அவர். அப்பாவின் வள்ளத்தில் போகிறவர் அவர் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

பின்னேரம் ரசிகர்கள் கூட்டமாய்ப் போய்க் கப்டனைப் பிடித்தார்கள். கப்டனும் அரைமனதாய் இறங்கி வந்தாராம். ஐயர்தான் மறுத்துவிட்டார். "பிள்ளையார் குடுத்ததை மாத்த நான் ஆர்?" என்றாராம். பிள்ளையாருக்கு இடக்கால் எது, வலக்கால் எது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதோடு அந்த வாதம் முடிந்தது. அடுத்தநாள் காலை லொறிக்கு முன்னால் நிறுத்தி எங்களைப் படம் பிடித்தார்கள். சட்டை கிடைத்தவர்கள் மட்டும்தான் படத்துக்கு நின்றோம்.

நவம் அண்ணை வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். லொறியின் பின்தட்டில், காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தார். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே என் லட்சணம் வெளித்துவிட்டது. என் காலுக்கு வந்த பந்தெல்லாம் கோட்டுக்கு வெளியே போனது. எங்கள் ஆட்களே "நவத்தை இறக்கு! நவத்தை இறக்கு!" என்று கத்தத் தொடங்கினார்கள். எதிர் அணிக்காரரும் வேடிக்கையாகச் சேர்ந்து கத்தினார்கள். அந்தப் பெயர் காதில் விழ விழ, நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

அடிபட்டவனுக்குப் பதிலாக இடைவேளையோடு இன்னொருவரை இறக்கலாம் என்று அந்தப் போட்டியில் விதி. இடைவேளைக்குச் சற்று முன்னம் நான் ஒருவரும் தொடாமலே விழுந்தேன். கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்து, சட்டையைக் கழற்றி நவம் அண்ணையிடம் நீட்டினேன். "ஏலாது அண்ணை. நீங்கள் இறங்குங்கோ" என்றேன்.

அவர் என் கணுக்காலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். "உன்ரை காலுக்கு ஒண்டுமில்லை. போடு சட்டையை."

"அண்ணை, சனம் உங்களைத்தானே கூப்பிடுது."

"நேற்றுக் கோயிலிலை நான் கை நீட்டினனான். இண்டைக்கு நீட்டமாட்டன்."

கப்டன் வந்து கெஞ்சினார். அவர் அசையவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைக் கண்டாரோ என்னவோ, என்னைப் பார்க்காமல் மைதானத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உனக்கு உதைக்கத் தெரியாது. உதையாதை. கோலுக்கு முன்னாலை போய் மரம் மாதிரி நில். எங்கையாவது படும்." அது புத்தியா ஏளனமா என்று எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

நான் போய் மரம் மாதிரி நின்றேன். ஆட்டம் முடிகிற நேரம் எங்களுக்கு ஒரு கோர்னர் கிடைத்தது. அவர்களுடைய பின்வரிசைக்காரன் ஒருவன் பந்தை வெளியே அடிக்கப் போக, அது என் தொடையில் பட்டுத் திரும்பிக் கோலுக்குள் போனது. நான் அப்போது மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு கோலால் கிண்ணம் எங்களுக்கு வந்தது.

"நவத்தை இறக்கு" என்று கத்திய அதே வாய்கள் என் பெயரைக் கத்தின. தூக்கித் தோளில் வைத்தார்கள். மேளம், வெடி, ஆட்டம். கீழே குனிந்து பார்த்தால் என் இடது காலைத் தாங்கிக்கொண்டிருந்த தோள் நவம் அண்ணையுடையது. நான் இறங்கத் துடித்தேன். "அசையாதை. நீ விழுந்தால் அதுக்கும் என்னைத்தான் சொல்லுவாங்கள்" என்றார். ஊர் எல்லை வரும்போது அப்பா எல்லோரையும் பார்த்து, "பாத்தியளோ, பிள்ளையார் ஆளறிஞ்சுதான் குடுத்தவர்" என்றார். சலூன்காரரும் தேத்தண்ணிக்கடைக் கிழவரும் ஓம் என்று தலையாட்டினார்கள்.

அதன்பிறகு அவர் அப்பாவின் வள்ளத்துக்குப் போகவில்லை. எங்கள் சட்டையையும் போடவில்லை. அடுத்த வருடம் பக்கத்து ஊர் அணிக்காக இறங்கி, எங்களுக்கே கோல் அடித்து, இடுப்பில் கைவைத்து நின்றார். திரும்பிப் போகிற வழியில் என்னருகே வந்து தொடையில் ஒரு தட்டுத் தட்டி, "எப்பிடி, தொடை சுகமோ?" என்றார். அன்று தொடங்கிய கேள்வி அது. என் கலியாண வீட்டிலும் கேட்டார். அப்பாவின் செத்தவீட்டில், கண்ணைத் துடைத்துக்கொண்டும் கேட்டார். "சுகம் அண்ணை" என்று நானும் ஒவ்வொரு தடவையும் சிரித்துச் சமாளித்தேன். ஊர் முழுக்க என்னைக் கோல் அடித்தவன் என்று மேடையேற்ற, பந்து பட்ட இடத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

சனிக்கிழமை செத்தவீட்டிலும் அதே கூத்து நடந்தது. அவர் பாடையில் கிடக்க, வெளியூரிலிருந்து வந்த ஒருவருக்கு என்னைக் காட்டி, "அந்த ஃபைனலிலை கோல் அடிச்சவர் இவர்தான்" என்றார்கள். "நவமும் நல்லாய் விளையாடுவான்" என்று பிறகு சேர்த்துக்கொண்டார்கள். என் கையில் ஒரு பை இருந்தது. அதற்குள் அந்தப் பதினோராம் இலக்கச் சட்டை. அதை அவர்மேல் போர்த்துவிட்டால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி வரும் என்று நினைத்துக் கொண்டுபோயிருந்தேன்.

அவருடைய மனைவி பூமணி அக்காவிடம் விரித்துக் காட்டினேன். அழுது வீங்கிய முகத்தோடு அதைப் பார்த்தார். உடனே என்னவென்று அறிந்துகொண்டார். "தரச்சொல்லிக் கேட்ட நேரம் குடுக்கேல்லை. பிறகு குடுத்த நேரம் அந்தாள் வேண்டேல்லை. இப்ப வேண்டாமெண்டு சொல்ல ஏலாமல் கிடக்கேக்கை கொண்டந்து போடுறியளே, தம்பி? வேண்டாம். கொண்டுபோங்கோ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் சட்டையை மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

ஆகவே அவருடையதென்று என்னிடம் இருப்பவை இரண்டு. ஒன்று அவர் வாங்க மறுத்த சட்டை. மற்றது இனி ஒருவரும் கேட்கப்போகாத அந்தக் கேள்வி. செயலாளர் தம்பிக்கு அன்று சொல்லாத பதிலை இங்கே எழுதிவிடுகிறேன். தம்பி, அந்தப் படத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். இடப்பக்கக் கரையில், தோள் இறங்கி, கை முழங்கைக்குக் கீழே தொங்குகிற சட்டையோடு ஒரு பெடியன் நிற்கிறான். அது நான். நவம் அண்ணை நிற்க வேண்டிய இடம் அதுதான்.