மொய்ங்காவில் இழுத்த நூல்

அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஆரணி மார்க்கெட்டில் வெங்காய மண்டிக்கும் தேங்காய்க் கடைக்கும் நடுவே, மாட்டுவண்டி நுழைந்தால் திருப்ப முடியாத ஒரு சந்தில், தகரக் கூரையும் இரண்டு பெஞ்சுமாக இருந்தது. ஊரில் ‘பர்மாக் கடை’ என்றார்கள். ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த ஒரு புருஷனும் பெண்சாதியும் எழுபதுகளின் நடுவில் அதை ஆரம்பித்தார்கள். அவர் அடுப்போடு சரி, வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. பரிமாறுவது, பேசுவது, சிரிப்பது எல்லாம் அந்த அம்மாள்தான். நான் அக்கா என்பேன்.

கடையில் விற்றது ஒரே பண்டம், மொய்ங்கா. இடியாப்பத்தைவிடக் கொஞ்சம் தடித்து, நீளநீளமாக, வெள்ளை வெளேரென்று அரிசி நூடுல்ஸ். அதன்மேல் மீனைக் கரைத்துக் காய்ச்சிய கெட்டிக் குழம்பு. பொரித்த வெங்காயம், கொத்தமல்லி, வறுத்த மிளகாய்த் தூள். கடைசியில் அக்கா தன் கையால் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிவார். ஒரு கிண்ணம், ஓட்டலில் ஒரு செட் இட்லி சாப்பிடுகிற செலவுதான். வயிறும் ரொம்பும்.

“இடியாப்பத்துல மீன்கொழம்பு ஊத்தினா பர்மாவாக்கா? எங்கூட்லயே செய்வாங்க” என்றேன் முதல் நாள்.

“அதேதான் தம்பி. நடுவுல ஒரு கடல் இருக்கு, அம்புட்டுத்தான்” என்றார்.

எனக்குப் பதில் சொல்லக்கூடிய ஆள் மார்க்கெட்டில் அதுவரை யாரும் கிடையாது. அதற்காகவே மறுநாளும் போனேன். அப்புறம் ருசிக்காகப் போனேன்.

எனக்கு அப்போது இருபத்தைந்து, இருபத்தாறு வயது. ஒரு பட்டுக்கடையில் வேலை. தறிக்காரர் வீடுகளுக்குச் சைக்கிளில் நூல் கொண்டுபோய்க் கொடுப்பதும், நெய்த சேலையை வாங்கி வருவதும். ஒரு நாளைக்கு இருபது வீடு ஏறி இறங்குவேன். நூலோடு சேர்த்து ஒரு கதையும் கொடுப்பது என் வழக்கம். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்குக் கையும் காலும்தான் வேலையில் இருக்கும், காது சும்மா இருக்கும். அந்தக் காதெல்லாம் என் ராஜ்ஜியம். சிரிக்க வைக்கிறவன் என்று பெயர் வாங்கிவிட்டால் போதும், பிறகு அந்தப் பெயருக்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த வருஷம்தான் முதலாளி என்னை முதன்முறையாகக் கர்நாடகப் பக்கம் நூல் வாங்கக் கூட்டிப்போயிருந்தார். அங்கே பட்டுக்கூட்டை வேகவைத்து நூல் இழுப்பதைப் பார்த்தேன். கொதிக்கிற தொட்டியில் வெள்ளைக் கூடுகள் உருண்டுகொண்டிருக்கும். ஒரு பெண் விரலால் நுனியைப் பிடித்து இழுப்பாள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு இழை வந்துகொண்டே இருக்கும். இழுத்து முடித்தால் உள்ளே புழு, வெந்து சுருண்டு கிடக்கும். அந்த நாற்றத்தை ஆரணி வரை மூக்கில் சுமந்துகொண்டு வந்தேன்.

ஊர் திரும்பி ஒரு வாரம் இருக்கும். மத்தியானம் பர்மாக் கடையில் ஏழெட்டுப் பேர். முதல் கிண்ணத்தை முடித்து இரண்டாவதில் பாதி வந்துவிட்டேன். கரண்டியில் புதிதாக ஒன்று ஏறியது. வெள்ளையாக, வட்டமாக, வெந்து மிருதுவாக. இதற்கு முன் இந்தக் குழம்பில் நான் பார்க்காத சாமான். கடித்தேன். பல்லில் எதுவோ சிக்கியது. விரலால் பிடித்து இழுத்தேன்.

நூல் வந்தது.

இன்னும் இழுத்தேன். இன்னும் வந்தது. மெல்லிசாக, பளபளவென்று, அறாமல். வேறு ஊர்க்காரனாக இருந்தால் நார் என்று துப்பிவிட்டுத் தின்றிருப்பான். நான் ஆரணிக்காரன். அதிலும், தொட்டியைப் பார்த்து ஒரு வாரமே ஆன ஆரணிக்காரன். மீன் நாற்றம் என்று அதுவரை ரசித்துக்கொண்டிருந்தது சட்டென்று தொட்டி நாற்றமாக மாறிவிட்டது.

“புழு!” என்று கத்தினேன். “பட்டுப்புழுடோய்!”

கிண்ணம் கீழே விழுந்தது. சைக்கிளையும் மறந்துவிட்டு ஓடினேன். மீனை முள்ளோடு தின்கிறவன், நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சுகிறவன், ஒரு புழுவுக்காகக் கடைவீதி முழுக்க வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். மார்க்கெட் முனையில் ஒரு டாக்டரின் டிஸ்பென்சரி. டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். கம்பவுண்டர் மட்டும் இருந்தார்.

“சார், பட்டுப்புழு துன்னுட்டேன் சார்.”

“எத்தினி?”

“தெரியல சார். ஒண்ணுதான் இழுத்துப் பார்த்தேன். அதுக்கு முன்னாடி எத்தினி உள்ள போச்சோ!”

“வயிறு வலிக்குதா?”

“இனிமேதான் சார் வலிக்கும்.”

“வலிச்சா வா.”

“உள்ள போய்க் கூடு கட்டிச்சின்னா?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “கட்டட்டும்யா. ஆறு கெஜம் சேர்ந்ததும் உங்க மொதலாளிகிட்ட சொல்லு, தறியில போட்டுக்குவாரு” என்று சொல்லி, ஒரு சின்ன கிளாஸில் ஓமத் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் காலை பட்டுக்கடைக்கு வேலைக்கு வந்தால் வாசலில் அக்கா நிற்கிறார். ஒரு கையில் என் சைக்கிள். இன்னொரு கையில் முழ நீளத்துக்கு வாழைத்தண்டு. சைக்கிளை நிறுத்திவிட்டு, மடியிலிருந்து கத்தியை எடுத்து, தண்டை வட்டமாக ஒரு வில்லை நறுக்கி என்னிடம் நீட்டினார்.

“இழுங்க தம்பி.”

இழுத்தேன். நூல் வந்தது.

“பர்மாவுல தண்டு போடாத மொய்ங்காவே கெடையாது. இங்க வந்து நல்ல தண்டா கெடைக்கல. நேத்துத்தான் படவேட்டு வாழைத்தாரு வண்டியில வந்துச்சு. ஆசையா வாங்கிப் போட்டேன்” என்றார். அப்புறம் சிரித்துவிட்டார். “என்னா ஓட்டம் ஓடினீங்க!”

“தண்டா இருந்தா நல்லதுக்கா. கிட்னியில கல்லு இருந்தா கரையும்” என்றேன். காதெல்லாம் எனக்குச் சுட்டது.

சிரிப்பு நின்றது. “நேத்து நீங்க போனதும் அத்தனை பேரும் கிண்ணத்தை வெச்சுட்டு எந்திரிச்சுட்டாங்க தம்பி. நான் தண்டை நறுக்கிக் காட்டினா, கடைக்காரி வேற என்ன சொல்லுவான்னு போறாங்க. கத்தினது நீங்க. நீங்க வந்தாத்தான் சரியாகும். சந்தை அன்னிக்கு நாலு பேரு பாக்குறப்ப பெஞ்சுல உக்காந்து ஒரு கிண்ணம் சாப்பிட்டுட்டுப் போயிடுங்க. எதுவும் பேசக்கூட வேணாம்.”

“இவ்ளோதானா? ரெண்டு கிண்ணமா வெச்சிடுக்கா” என்றேன். அந்த நிமிஷத்தில் மனசாரத்தான் சொன்னேன்.

சந்தைக்கு நான்கு நாள் இருந்தது. அதுதான் வினை. இருபது வீட்டிலும் விஷயம் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. “இன்னாபா, புழு துன்னியாமே?” என்று தறி நின்றது. வாழைத்தண்டு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கதை அங்கேயே முடிந்துவிடும், நான் தண்டைப் பார்த்து ஓடினவன் ஆகிவிடுவேன். புழு என்று வைத்துக்கொண்டால் கதை ஓடும்.

“இழுக்கிறேன், இழுக்கிறேன், வந்துகினே கீது நைனா! முந்தானைக்கு ஆச்சு, உடம்புக்கு ஆச்சு, இன்னும் வந்துகினு கீது!”

ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கம்பவுண்டரின் ஆறு கெஜத்தை என் சொந்தச் சரக்காகவே விற்றேன். முதல் வீட்டில் ஒரு புழு. மதியத்துக்குள் மூன்று. மறுநாள் அதற்குத் தலை முளைத்து, என்னைப் பார்த்துக் கண்ணடித்தது.

மூன்றாம் நாள் முதலாளி வேலையாகப் போளூர் பஸ்ஸில் போனேன். பக்கத்து ஸீட்டில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெரியவர், கேட்காமலே என் கதையை என்னிடம் சொன்னார்.

“ஆரணி மார்க்கெட்ல எதுவும் துன்னாதப்பா. பர்மாக் கடையில புழுவை வேகவெச்சிப் போட்டுட்டாங்க. துன்னவன் ஸ்பாட்லயே செத்துட்டான்.”

“ஐயோ. எந்த ஊரு ஆளுங்க?”

“ஆரணிதான். சின்ன வயசு.”

“கல்யாணம் ஆயிடுச்சுங்களா அவருக்கு?”

“ரெண்டு கொழந்தையாம்.”

எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. பாவம் என்று உச்சுக் கொட்டினேன். நான்தான் ஐயா அது, உயிரோடு உட்கார்ந்திருக்கிறேன், அது வாழைத்தண்டு என்று ஒரு வரி சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? போளூர் வந்து இறங்கும்வரை அந்த ஒரு வரியை வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். பெரியவரிடம் மேற்கொண்டு ஒரு வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

சந்தை நாள் வந்தது. பதினோரு மணிக்குச் சந்துக்குள் நுழைந்தேன். கடைக்கு எதிரே தேங்காய் மூட்டைகளுக்குப் பக்கத்தில் இரண்டு தறிக்காரர்கள் நின்றிருந்தார்கள். என் கதைக்கு அதிகம் சிரித்த ஆட்கள்.

“வா வா! இன்னிக்கு இன்னா? பட்டுப்புழுவா, கம்பளிப்பூச்சியா?”

கடையில் ஒரு ஆள் இல்லை. பெஞ்சு துடைத்து வைத்திருந்தது. அதன்மேல் இரண்டு கிண்ணம். நான் வேடிக்கைக்குச் சொன்னது, நிஜமாகவே இரண்டு. அக்கா அடுப்புப் பக்கம் திரும்புவதும் சந்து முனையைப் பார்ப்பதுமாக இருந்தார். பெஞ்சுவரை பத்து அடிதான். உட்கார்ந்தால் இந்த இருவரும் ‘அப்ப புளுவே இல்லியா? அத்தனையும் புளுகா?’ என்பார்கள். சாயங்காலத்துக்குள் இருபது வீட்டுக்கும் போய்விடும். புழுவுக்குக் கடைவீதி முழுக்க ஓடினவனுக்கு இந்தப் பத்தடி நடக்கக் காலில்லை. ஊரையே சிரிக்க வைக்கிறவன், தன்னைப் பார்த்து இரண்டு பேர் சிரிப்பார்களே என்று தேங்காய் மூட்டைக்குப் பின்னால் குனிந்தேன். செருப்பு வாரை மாட்டுவதுபோல் வெகுநேரம் மாட்டினேன்.

நிமிர்ந்தபோது அக்கா இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மூட்டை என் இடுப்பு உயரம்தான். பார்த்திருக்கத்தான் வேண்டும்.

“சும்மா வந்தேம்பா, தேங்கா வாங்க” என்று தறிக்காரர்களிடம் சொல்லிவிட்டு, ஒரு தேங்காயை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

இருபது நாள் கழித்து ஒரு மத்தியானம், வெயிலில் சந்தே காலியாக இருந்த நேரமாகப் பார்த்துப் போனேன். தலையில் துண்டு வேறு. பெஞ்சில் உட்கார்ந்தேன். கிண்ணம் வந்தது. தண்டு போட்டிருந்தார். பழம் பிழிந்தார். ஒரு வாய்கூட மீதி வைக்காமல், தண்டையெல்லாம் மென்று தின்றேன். இன்னொன்று கேட்டேன். அதையும் தின்றேன்.

“நல்லாருக்குக்கா.”

“நல்லாத்தான் தம்பி இருந்துச்சு, எப்பவும்” என்றார். காலியாகக் கிடந்த சந்துப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னிக்கு யாரு பாக்குறாங்க?” என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது பதிலுக்கு நக்கல் செய்து தப்பித்திருப்பேன். கிண்ணத்தை எடுத்துக் கழுவப் போட்டபடி, மழை வருமா என்று கேட்கிற மாதிரி கேட்டார். அடுப்படியிலிருந்து அவர் புருஷன் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த மாதம் முடிவதற்குள் தகரத்தைப் பிரித்துவிட்டார்கள். மெட்ராஸில் பர்மாக்காரர்கள் கூட்டமாகக் கடை போட்டிருக்கிற இடத்துக்குப் போய்விட்டதாகத் தேங்காய்க்காரர் சொன்னார். பிறகு முதலாளி வேலையாக மெட்ராஸ் போகும்போதெல்லாம் பீச் ஸ்டேஷன் பக்கம் அந்தத் தள்ளுவண்டிகளைச் சுற்றிச்சுற்றி வந்திருக்கிறேன். நின்றுகொண்டே எத்தனையோ பேர் தின்கிறார்கள். அக்காவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மட்டும் எந்த மூட்டைக்குப் பின்னால் போயிருப்பேனோ.

எண்பதுகளின் கடைசியில், நாற்பதைத் தொடப்போகிற வயதில், கண்ணமங்கலத்தில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து உட்கார்ந்திருந்தோம். சொந்தக்காரப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். “மாமா, அந்தப் புழுக் கதை சொல்லுங்க மாமா.”

சொன்னேன். இந்த முறை முழுதாக, நடந்தபடியே சொன்னேன். வாழைத்தண்டு, படவேட்டு வண்டி, வாசலில் நின்ற அக்கா, தேங்காய் மூட்டை எல்லாம் சொன்னேன். ஓட்டத்துக்கும் கம்பவுண்டருக்கும் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு மெல்ல நின்றது. ஒருத்தன் கொட்டாவி விட்டான்.

“போங்க மாமா, சும்மா டபாய்க்கிறீங்க” என்றான் இன்னொருத்தன். “எங்கப்பா சொல்லிகிறாரு. புழுதான் அது. தலையிருந்துச்சாம், கண்ணுகூட அடிச்சுச்சாம்.”

“தண்டுடா. என் கையால இழுத்தேன்டா.”

“உங்களுக்கு மறந்துபோச்சு மாமா” என்றான்.